மூடுபனிக்குள் ஒளி: கல்பாத்தியிலிருந்து கணினித் திரை வரை

பொங்கல் விழா மேடை ஒன்றில் அன்பர் ஒருவர் பேசினார். "இன்னைக்கு சினிமாவுலயும் கம்ப்யூட்டர் கேம்லயும் நீங்க பாக்குற பனி, புகை, மேகம் எல்லாத்துக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தவன் தமிழன்!" என்று அவர் முழங்கியதும் அரங்கம் அதிர்ந்தது. நானும் கைதட்டினேன். பள்ளுருத்திக்கு ஆட்டோவில் திரும்பும்போது என் பேரன் கேட்டான்: "தாத்தா, அந்த மாமா சொன்னது நெஜமா? எந்தத் தமிழர்? பேரே சொல்லலியே?"

அந்த இடத்தில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "சந்திரசேகர்னு ஒருத்தர்டா" என்று சொல்லிச் சமாளித்தேன். "அவர் நட்சத்திரம் பத்தித்தானே ஆராய்ச்சி பண்ணினார்? ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தாங்களே" என்றான். பத்தாம் வகுப்புப் பையன் கேட்ட அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. வெளி மாநிலத்தில் வாழும் நமக்குத் தமிழ்ப் பெருமை பேசுவதில் ஓர் ஆசை உண்டு. அதில் தவறில்லை. ஆனால் பெருமை நிலைத்து நிற்க வேண்டுமானால் அது உண்மையாக இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் கேரளப் பள்ளிகளில் படிப்பவர்கள். வீட்டுக்கு வந்ததும் கணினியில் தேடிப் பார்த்துவிடுகிறார்கள். மேடையில் நாம் சொல்வது பாதி பொய் என்று தெரிந்தால், மீதிப் பாதி உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

நாம் தினமும் பார்க்கும் சிதறல்

வரலாற்றுக்குப் போகுமுன் விஷயம் என்ன என்று பார்ப்போம். மார்கழிக் காலையில் தோப்பும்படிப் பாலத்தில் நின்று காயலைப் பார்த்தால், அக்கரை வெள்ளைத் துணியால் மூடியதுபோல் தெரியும். இங்குள்ள அண்டை வீட்டார் இதை 'மஞ்ஞு' என்பார்கள். மேகத்தையும் பனியையும் குறிக்கும் நம் பழைய 'மஞ்சு'தான் அது; நாம் எழுத்தில் மட்டும் வைத்திருக்கும் சொல்லை அவர்கள் வாயில் வைத்திருக்கிறார்கள். மட்டாஞ்சேரியின் பழைய மிளகுக் கிடங்குகளுக்குள் போனவர்களுக்கு இன்னொரு காட்சி தெரியும். கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் ஒரு தூண்போல இறங்கும். அந்தத் தூண் ஒளியால் மட்டும் ஆனதல்ல. காற்றில் மிதக்கும் தூசி, ஒளியைப் பக்கவாட்டில் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. தூசி இல்லாவிட்டால் தரையில் ஒரு வெளிச்ச வட்டம் மட்டும்தான் இருக்கும், தூண் இருக்காது.

கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் மூணாறு, போடி வழியாக ஊருக்குப் போகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். மலையில் பனி இறங்கிவிட்டால் அனுபவமுள்ள ஓட்டுநர் பிரைட் லைட்டை அணைத்து டிம்மில்தான் ஓட்டுவார். பிரைட் போட்டால் பாதை தெரிவதற்குப் பதில் முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பும். விளக்கிலிருந்து போன ஒளியில் ஒரு பங்கு பனித்துளிகளில் பட்டு ஓட்டுநர் கண்ணுக்கே திரும்பி வருவதுதான் காரணம்.

புகை, பனி இவற்றின் ஊடே ஒளி செல்லும்போது நான்கு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, துகள்கள் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடுகின்றன. இரண்டு, நம்மை நோக்கி வந்த ஒளி வழியிலேயே வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. மூன்று, வேறு எங்கோ போய்க்கொண்டிருந்த ஒளி நம் பக்கம் திரும்புகிறது. நான்கு, தீச்சுவாலைபோல் சில பொருள்கள் தாமே ஒளி விடுகின்றன. முதல் இரண்டும் ஒளியைக் குறைப்பவை, பின் இரண்டும் கூட்டுபவை. இந்த வரவு செலவுக் கணக்கு முழுவதும் ஒரே சமன்பாட்டில் அடங்கும். அதற்குக் கதிர்வீச்சுக் கடத்தல் சமன்பாடு என்று பெயர்.

செலவுக் கணக்கு எளிது. 1729ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பூகேர் அதைச் சொல்லிவிட்டார். பத்து மீட்டர் பனியைக் கடக்கும்போது ஒளி பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது மீட்டரில் கால், முப்பதில் அரைக்கால், நாற்பதில் வீசம். நம் பாட்டன்மார் எண்சுவடியில் படித்த அதே வரிசைதான். நூறு மீட்டரில் மிஞ்சுவது 1024இல் ஒரு பங்கு.

சிக்கல் வரவுக் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு பனித்துளி நமக்கு எவ்வளவு ஒளி அனுப்பும் என்பது, அதற்கு மற்ற எல்லாத் துளிகளும் எவ்வளவு அனுப்பின என்பதைப் பொறுத்தது. அந்தத் துளிகளுக்கும் அப்படியே. ஒரு கடைத்தெருவில் எல்லா வியாபாரிகளும் ஒருவருக்கொருவர் கைமாற்றுக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பேரேட்டை முடிக்க வேண்டுமானால் தெரு முழுவதன் பேரேட்டையும் முடித்தாக வேண்டும். மூடுபனிக்குள் நடப்பது இந்தக் கைமாற்றுதான்.

கடலின் நீலமும் கல்பாத்தி இராமநாதனும்

ஒளிச்சிதறல் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் சர் சி.வி. இராமன். திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்தவர். 1907இல் இந்திய நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வேலைக்குப் போனவர். பகலில் அலுவலகம், மற்ற நேரத்தில் பவ்பஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. நம்மைப் போலவே பிழைப்புக்காக வெளியூர் போன தமிழர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

வானம் ஏன் நீலம் என்பதற்கு இங்கிலாந்தின் ராலே பிரபு 1871இல் விடை கண்டிருந்தார். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள், அலைநீளம் குறையக் குறைய அதிகமாகச் சிதறடிக்கும். அதுவும் நான்காம் அடுக்கில். 450 நானோமீட்டர் நீலத்தையும் 700 நானோமீட்டர் சிவப்பையும் ஒப்பிட்டால், நீலம் ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகம் சிதறும். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்றும் ராலே கருதினார். 1921இல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டுக்குக் கப்பலில் சென்று திரும்பிய இராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு, பிரதிபலிப்பை மறைக்கும் நிக்கல் பட்டகம் ஒன்றின் வழியே பார்த்தார். பிரதிபலிப்பு மறைந்தது, நீலம் மறையவில்லை. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார்.

இங்கேதான் நம்மில் பலர் அறியாத ஒருவர் வருகிறார். கே.ஆர். இராமநாதன், பாலக்காடு கல்பாத்தியில் 1893இல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்துவிட்டு, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பணியாற்றினார். 1921 இறுதியில் இராமனிடம் ஆராய்ச்சி செய்யக் கல்கத்தா போனார்.

அவர் செய்த சோதனையின் அமைப்பு எளிமையானது. சூரிய ஒளியை ஊதா வடிகட்டி ஒன்றின் வழியாகத் தூய நீருக்குள் செலுத்தினார். சிதறி வரும் ஒளியைப் பச்சை வடிகட்டி வழியாகப் பார்த்தார். இரண்டு வடிகட்டிகளும் ஒன்றை ஒன்று அடைப்பவை, ஆகவே எதுவும் தெரியக் கூடாது. ஆனால் மிக மங்கலாக ஏதோ தெரிந்தது. நீரில் அழுக்கு இருக்கலாம் என்று எண்ணி, மீண்டும் மீண்டும் தூய்மை செய்து பார்த்தார். அந்த மங்கல் ஒளி போகவில்லை. 1923இல் அதை 'பலவீனமான ஒளிர்வு' என்று பெயரிட்டுப் பதிவு செய்தார்கள். 1925இல் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் வேறு திரவங்களில் அதையே கண்டார். 1928 பிப்ரவரி 28ஆம் தேதிதான் அது அழுக்கல்ல, சிதறும்போது ஒளியின் நிறமே மாறுகிறது என்பது உறுதியானது. அதுவே இராமன் விளைவு. 1930இல் நோபல் பரிசு.

இராமநாதன் அதற்குள் ரங்கூன் பல்கலைக்கழகத்துக்கும், பின் 1925இல் இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கும் போய்விட்டார். பிற்பாடு அகமதாபாத்தில் விக்ரம் சாராபாய் நிறுவிய இயற்பியல் ஆய்வுக் கூடத்தின் முதல் இயக்குநராக இருந்து, 1976இல் பத்ம விபூஷண் பெற்றார். கல்பாத்தி, சென்னை, திருவனந்தபுரம், கல்கத்தா, ரங்கூன், அகமதாபாத் என்று அவர் வாழ்க்கையே ஓர் இடப்பெயர்வு வரலாறு. நம் ஊரிலிருந்து இரயிலில் சில மணி நேரத் தூரத்தில் பிறந்தவர். கேரளத் தமிழர் மேடைகளில் அவர் பெயர் எத்தனை முறை ஒலித்திருக்கிறது என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கணினித் திரையின் மூடுபனிக்கும் இராமன் விளைவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இராமன் விளைவில் நிறம் மாறும் ஒளித்துகள் தோராயமாக ஒரு கோடியில் ஒன்று. பனியில் சிதறும் ஒளியோ நிறம் மாறாமலே சிதறுகிறது. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. ஆதலால் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடித்து வெண்மையாகத் தோன்றுகின்றன. இவ்வகைத் துளிகளுக்கான கணக்கை 1908இல் தந்தவர் ஜெர்மானியரான குஸ்தாவ் மீ. ஊதுபத்தியின் நுனியிலிருந்து எழும் நுண்புகை கறுப்புப் பின்னணியில் நீலம் பாரித்துத் தெரிவது ராலே சொன்ன வகையைச் சேர்ந்தது. துகள் மிகச் சிறியது.

விண்மீன்களுக்குள் ஒரு மூடுபனி

1905இல் ஆர்தர் ஷூஸ்டர் என்ற இயற்பியலாளர் 'மூடுபனி நிறைந்த வளிமண்டலத்தின் ஊடே கதிர்வீச்சு' என்ற பொருள்பட ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். அதில் அவர் எடுத்துக்கொண்ட மூடுபனி பூமியிலுள்ளது அல்ல. சூரியன் முதலான விண்மீன்களின் மேற்பரப்பில் உள்ள வாயுக்கள், உள்ளிருந்து வரும் ஒளியைச் சிதறடித்துச் சிதறடித்து வெளியே விடுகின்றன. அந்த ஒளியைக் கொண்டு உள்ளே இருப்பதை அறிய வேண்டுமானால், முதலில் மூடுபனிக் கணக்கு தெரிய வேண்டும். ஆக, இந்தக் கணக்கு பிறந்தது வானியலில்.

அதை முழு வடிவுக்குக் கொண்டுவந்தவர்களில் தலையாயவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். இராமனின் அண்ணன் மகன். தந்தையார் இரயில்வே கணக்குத் துறையில் பணியாற்றியதால் 1910இல் லாகூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930இல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார். 1940களில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இந்த ஒரே பொருளில் மூழ்கி, கட்டுரைகளை வரிசையாக வெளியிட்டார். 1950இல் 'கதிர்வீச்சுக் கடத்தல்' நூல் வெளிவந்தது. தம் ஆய்வுகளில் தமக்கு மிகுந்த மனநிறைவு தந்தது இதுவே என்று பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார்.

அவர் கையாண்ட ஒரு கருத்தை மட்டும் சொல்கிறேன். எல்லையில்லாத ஆழமுள்ள ஒரு மூடுபனியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து விழும் ஒளியில் ஒரு பங்கை அது திருப்பி அனுப்புகிறது. இப்போது அதன்மேல் இன்னும் ஒரு மெல்லிய பனிப்படலத்தைப் போர்த்துங்கள். முடிவில்லாததோடு கொஞ்சம் சேர்த்தாலும் அது முடிவில்லாததுதானே? ஆகவே திரும்பி வரும் ஒளி மாறக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையிலிருந்தே, உள்ளே நடக்கும் கோடிக்கணக்கான கைமாற்றுகளைத் தனித்தனியே பார்க்காமல், வெளியே வருவதைக் கணக்கிட்டுவிடலாம்! கருத்தை முதலில் சொன்னவர் சோவியத் ஆர்மீனியரான அம்பர்த்சூமியன். அதை விரித்து, பொதுவாக்கி, எண் அட்டவணைகளாகக் கொடுத்தவர் சந்திரசேகர். ராலே 1871இல் தொடங்கிவைத்த வான ஒளிக் கணக்கை, பன்முறைச் சிதறலையும் ஒளியின் முனைவாக்கத்தையும் சேர்த்து முழுமையாகத் தீர்த்தவரும் அவரே.

அதே யெர்க்ஸ் ஆய்வகத்தில் 1941இல் ஹெனியி, கிரீன்ஸ்டைன் என்ற இருவர், விண்மீன்களுக்கிடையே உள்ள தூசி எந்தத் திசையில் எவ்வளவு சிதறடிக்கும் என்பதற்கு ஓர் எளிய சூத்திரம் தந்தார்கள். அதில் ஒரே ஓர் எண்தான் மாறக் கூடியது. அந்த எண் ஒன்றை நெருங்கினால் ஒளி பெரும்பாலும் முன்னோக்கியே போகும். பூச்சியமானால் எல்லாப் பக்கமும் சமம். கழித்தல் ஒன்றை நெருங்கினால் பின்னோக்கித் திரும்பும். நட்சத்திரத் தூசிக்காக எழுதிய அந்தச் சூத்திரம்தான் இன்றும் திரைப்படப் புகைக்கும் விளையாட்டுப் பனிக்கும் பரவலாகப் பயன்படுகிறது.

கணினிக்கு வந்த கணக்கு

அமெரிக்காவில் ஜிம் பிளின் என்பவர் வாயேஜர் விண்கலப் பயணத்தைக் கணினிப் படங்களாக வரைந்துகொண்டிருந்தார். சனிக் கோளின் வளையம் பனிக்கட்டித் துணுக்குகளின் கூட்டம். அதைத் தட்டுபோல வரைந்தால் பொய்யாகத் தெரிந்தது. ஆகவே வானியலாளர்களின் சிதறல் கணக்கை எடுத்துக் கணினி வரைகலைக்குக் கொண்டுவந்தார். மேகங்களையும் தூசிப் பரப்புகளையும் பற்றிய அந்த ஆய்வுரை 1982இல் வெளிவந்தது. ஒளி ஒரே ஒரு முறைதான் சிதறுகிறது என்று அவர் வைத்துக்கொண்டார். அதாவது, தெருவில் ஒரே ஒரு கைமாற்று மட்டும் நடந்ததாகப் பாவித்தார்.

1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு, விண்மீன்களின் கட்டமைப்பு, பரிணாமம் பற்றிய ஆய்வுகளுக்காக. அடுத்த ஆண்டு, 1984இல், கஜியா, வான் ஹெர்சன் என்ற இருவர் கதிர்வீச்சுக் கடத்தல் சமன்பாட்டையே நேரடியாக எடுத்து, மேகங்களைக் கணினியில் வரையும் வழியைத் தந்தார்கள். கண்ணிலிருந்து ஒரு கோட்டைப் பனிக்குள் அனுப்பி, அடிக்கு அடி நின்று, இங்கே எவ்வளவு ஒளி வந்தது, எவ்வளவு போனது என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். அதே 1984இல் நம் காக்கநாட்டு நவோதயா ஸ்டுடியோவார் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படத்தை வெளியிட்டார்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது. அக்காலத்தில் படப்பிடிப்பில் பனி வேண்டுமென்றால் புகை எந்திரம்தான் வைக்க வேண்டும். கல்பாத்தி இராமநாதன் காலமானதும் அந்த 1984 டிசம்பர் 31ஆம் தேதி.

வாய்ப்பாடும் பகடையும்

சமன்பாடு கிடைத்தால் போதுமா? போதாது. கணினிக்கு நேரம் வேண்டுமே! ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்றைய சாதாரணத் திரையில் 1920க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் பனிக்குள் 64 இடங்களில் நின்று பார்த்தால் 13 கோடியே 27 லட்சம் கணக்குகள். விளையாட்டில் நொடிக்கு 60 படம் வேண்டும். ஆக நொடிக்கு ஏறக்குறைய 796 கோடி. இதுவும் ஒற்றைச் சிதறலுக்கு மட்டும். ஒவ்வோர் இடத்திலும் விளக்கின் ஒளி அங்கே எட்டுகிறதா, நிழலா என்று பார்ப்பது தனி.

இதைக் குறைக்க வந்த வழிகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை வாய்ப்பாடு. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் நாம் ஏழை எட்டு முறை கூட்டிப் பார்ப்பதில்லை, மனப்பாடத்திலிருந்து ஐம்பத்தாறு என்கிறோம். சந்திரசேகரின் அட்டவணைகள் அப்படிப்பட்டவையே. 2005இல் போ சன், ரவி ராமமூர்த்தி, சீனிவாச நரசிம்மன், ஸ்ரீ நாயர் ஆகிய நால்வர் வெளியிட்ட ஆய்வுரை, மூடுபனியில் தெருவிளக்கைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டத்தை விளையாட்டு வேகத்தில் வரைய வழி சொன்னது. அதன் சாரம், கடினமான பகுதியை முன்கூட்டியே கணக்கிட்டு ஓர் அட்டவணையில் வைத்துவிடுவது. படம் ஓடும்போது அட்டவணையைப் பார்த்தால் போதும். 2008இல் புரூனட்டன், நெய்ரே இருவரும் பூமியின் வானம் முழுவதற்கும், பன்முறைச் சிதறல் உட்பட, இதே முறையில் அட்டவணை செய்தார்கள்.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது பெட்டிக் கணக்கு. பனி என்பது மங்கலான பொருள். அதற்குக் கூர்மையான விளிம்பு கிடையாது. பின் ஏன் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும்? கண்ணுக்கு முன்னால் உள்ள வெளியை அகலத்தில் 160, உயரத்தில் 90, ஆழத்தில் 64 என்று பெட்டிகளாகப் பிரித்தால் 9,21,600 பெட்டிகள்தான். முன் சொன்ன 13 கோடியைவிட 144 மடங்கு குறைவு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு முறை ஒளியைக் கணக்கிட்டு, முன்னிருந்து பின்னாகக் கூட்டிக்கொண்டு போனால் ஆயிற்று. 2014இல் பார்ட் வ்ரான்ஸ்கி ஒரு பெரிய விளையாட்டில் இதைச் செய்த விதத்தை விளக்கியபின், இம்முறை எங்கும் பரவிவிட்டது. பேரன் ஆடும் விளையாட்டில் மரக்கிளைகளுக்கு இடையே வெயில் தூண் இறங்குகிறதே, அது பெரும்பாலும் இந்தப் பெட்டிகளின் வேலைதான்.

இரண்டாம் வகை பகடை. எல்லாக் கைமாற்றையும் எழுதி முடிக்க முடியாதபோது, சில ஒளித்துகள்களை மட்டும் பின்தொடர்ந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் பகடை உருட்டி எந்தப் பக்கம் போகும் என்று பார்த்துச் சராசரி எடுப்பது. இது 1940களில் அமெரிக்க அணு ஆய்வில் நியூட்ரான்களுக்காகப் பிறந்தது. மான்டி கார்லோ முறை என்பார்கள். இதில் ஒரு சங்கடம். புகை எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியாய் இராது. துகள் அடுத்து எங்கே மோதும் என்று கண்டுபிடிப்பது கடினம். அதற்கு 1965இல் உட்காக் முதலியோர் அணு உலைக் கணக்குக்காக ஓர் அழகான உத்தி சொன்னார்கள். எங்கும் அதிகபட்ச அடர்த்தியே இருப்பதாகப் பொய்யாக வைத்துக்கொள். மோதல் வந்ததும் பகடை உருட்டி, இது நிஜ மோதலா, பொய் மோதலா என்று முடிவு செய். பொய்யானால் எதுவும் நடக்காததுபோல் அதே திசையில் போய்க்கொண்டே இரு. கூடுதலாகச் சேர்த்த பொய்யை அதே அளவில் கழித்துவிடுவதால், விடை சராசரியில் மிகச் சரியாக வருகிறது. இன்றைய திரைப்பட மேகங்களும் வெடிப்புகை மண்டலங்களும் இந்த உத்தியின் வழிவந்தவையே.

பகடைக்கும் விலை உண்டு. போதிய அளவு உருட்டாவிட்டால் படம் ரவை தூவியதுபோல் பொரிப்பொரியாக இருக்கும். அந்தப் பொரியைப் பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு உருட்ட வேண்டும். ஆகவே படத்துக்குப் பகடை, விளையாட்டுக்கு வாய்ப்பாடு என்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. இப்போது இரண்டும் கலந்து வருகின்றன.

பனிக்குச் செய்த கணக்கு வேறோர் இடத்திலும் பலன் தந்தது. மனிதத் தோலுக்குள்ளும் பாலுக்குள்ளும் ஒளி புகுந்து சிதறித்தான் வெளியே வருகிறது. இதை வேகமாகக் கணக்கிடும் வழியைக் கண்ட ஜென்சன், மார்ஷ்னர், ஹன்ரஹான் மூவருக்கும் 2004இல் அமெரிக்கத் திரைப்பட அகாதெமி தொழில்நுட்ப விருது அளித்தது.

பனியை விலக்கும் கணக்கு

வரையத் தெரிந்தால் அழிக்கவும் தெரியும் அல்லவா? மேலே சொன்ன நால்வரில் நரசிம்மனும் நாயரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, அதே சமன்பாட்டைத் தலைகீழாகப் போட்டது. பனிமூட்டத்தில் எடுத்த படங்களிலிருந்து, பனி எவ்வளவு ஒளியைச் சேர்த்தது, எவ்வளவு குறைத்தது என்று கணித்து, அதை நீக்கித் தெளிவான காட்சியை மீட்பது. பின்னர் நரசிம்மன் குழுவினர், மழைத்துளி இருக்கும் இடத்தைக் கண்டறிந்து அதன்மேல் மட்டும் ஒளி படாமல் விலக்கும் வாகன விளக்கையும் செய்து காட்டினார்கள். போடி மெட்டில் டிம் போட்டு ஓட்டும் ஓட்டுநர் அனுபவத்தால் செய்வதை, அந்த விளக்கு கணக்கால் செய்கிறது.

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதைக் கொச்சிவாசிகளான நமக்கு 2023 நினைவூட்டியது. மார்ச் 2ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ, பத்து நாளுக்கும் மேலாக நகரத்தைப் புகைக்குள் வைத்திருந்தது. முகக்கவசம் மாட்டிக்கொண்டு பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தோம். புகைக்குள் எவ்வளவு தூரம் தெரியும், தீயணைப்பு வீரர் எதைக் காண்பார், காற்றின் துகள் அளவை ஒளியைக் கொண்டு எப்படி அளப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் அடியில் இருப்பது அதே வரவு செலவுக் கணக்குதான்.

மேடைப் பேச்சுக்குப் பதில்

இனிப் பேரனின் கேள்விக்கு வருவோம். மேடையில் சொன்னது உண்மையா?

பாதி உண்மை. கணினிப் பனிக்கான அடிப்படைச் சமன்பாட்டின் முழுமையான நூலை எழுதியவர் ஒரு தமிழர். வரைகலை ஆய்வுரைகள் இன்றும் அந்நூலை மேற்கோள் காட்டுகின்றன. இது நிச்சயம். ஆனால் அவர் கணினிக்காக எழுதவில்லை, விண்மீன்களுக்காக எழுதினார். அவருக்கு முன் பூகேர், ராலே, ஷூஸ்டர், மீ. அவர் காலத்தில் அம்பர்த்சூமியன், ஹெனியி, கிரீன்ஸ்டைன். அவருக்குப் பின் பிளின், கஜியா, உட்காக், ஜென்சன் என்று பல நாட்டார் கை சேர்ந்துதான் இந்தக் கோலம் முடிந்தது. இராமன் விளைவை இதில் கொண்டுவந்து ஒட்டுவது பிழை. இத்தனையும் சொன்னபிறகும் நம் பெருமை குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெயரில்லாத 'தமிழன்' இருந்த இடத்தில் இப்போது பெயரும் ஊரும் ஆண்டும் உள்ள மனிதர்கள் நிற்கிறார்கள்.

இன்னொன்றும் தெரிகிறது. இராமன் கல்கத்தாவில், இராமநாதன் ரங்கூனிலும் அகமதாபாத்திலும், சந்திரசேகர் லாகூரில் பிறந்து சிகாகோவில். இவர்கள் எல்லோரும் சொந்த ஊரை விட்டு வந்து வேலை செய்தவர்கள். 'ஊரை விட்டு வந்துட்டோமே, நம்ம பிள்ளைங்க என்ன ஆகுமோ' என்று கவலைப்படும் நம் வீடுகளுக்கு இதைவிட வேறு ஆறுதல் வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்தவர் யார் என்று கேட்டால், நான் கல்பாத்தி இராமநாதனைத்தான் சொல்வேன். எல்லோரும் அழுக்கு என்று தள்ளிவிடக் கூடிய ஒரு மங்கல் ஒளியை, தூய்மை செய்து தூய்மை செய்து பார்த்துவிட்டு, 'இல்லை, இது இருக்கத்தான் செய்கிறது' என்று 1923இல் எழுதி வைத்தாரே, அந்த நேர்மை பெரிது. பரிசு வந்ததா இல்லையா என்பது அடுத்த கதை.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அடுத்த பொங்கலுக்கு நீங்களே மேடையில பேசுங்க தாத்தா, பேரோட சொல்லுங்க" என்றான். மேடையில் நேரம் கிடைக்குமோ கிடைக்காதோ, மலரில் இடம் கிடைத்தது. படித்த பெரியவர்கள் தம் பேரப்பிள்ளைகளிடம் இந்தப் பெயர்களைச் சொல்லி வையுங்கள். பிழை கண்டால் எனக்குச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.